வாங்கினால் திருப்பிக் கொடு!

கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் ஓடும் டிரைவர் புரோகிராம்கள் மெமரிக் கணக்கில் அடிக்கடி கோட்டை விடுகின்றன. அந்தக் கணக்கை மனிதரிடமிருந்து மெஷினின் கைக்கு மாற்றும் வேலை மெதுவாக, சில சமயம் சண்டை சச்சரவுகளோடு, நடந்து வருகிறது.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. டெல்லி, மும்பை, பெங்களூர், சென்னை, ஹைதராபாத் விமான நிலையங்களில் செக்-இன் கவுன்ட்டர்களுக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கம்ப்யூட்டர்கள் கைவிட்டுவிட, இண்டிகோ ஊழியர்கள் பேனாவை எடுத்து போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் காலத்தில் இப்படி ஒரு சீட்டா என்று பயணிகள் அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

அன்று உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டன. இது யாரோ வைரஸ் அனுப்பிச் செய்த நாசவேலை இல்லை. வைரஸைத் தடுப்பதற்காகப் போட்டிருந்த சாஃப்ட்வேரே காரணம். அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39க்கு ஒரு சின்ன ஃபைலை அனுப்பியது. 78 நிமிடத்தில் தவறை உணர்ந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நிறுவனம் அடுத்த மாதம் வெளியிட்ட விளக்கத்தில் இருந்த காரணம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். அதன் டிரைவர் கையில் இருந்த பட்டியலில் 20 விவரங்கள்தான் உண்டு. அது 21-வது விவரத்தைப் படிக்கப் போனது. பட்டியல் முடிந்த இடத்துக்கு அப்பால் இருந்தது தனக்குச் சொந்தமில்லாத மெமரி. கை வைத்தவுடன் விண்டோஸ் அப்படியே நின்றது.

டிரைவர் என்றால் இங்கே ஸ்டியரிங் பிடிப்பவர் இல்லை. பிரின்டர், வைஃபை, டச் ஸ்கிரீன், ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொரு சாதனத்துக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவே நின்று பேசும் துபாஷி. கிரவுட்ஸ்ட்ரைக் போன்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர்களும் டிரைவர் வேஷத்தில்தான் உள்ளே நுழைகின்றன. டிரைவர் உட்கார்ந்திருக்கும் இடம் கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கர்ப்பக்கிருகம். வெளிப் பிராகாரத்தில் ஓடும் சாதாரண புரோகிராம் தப்புச் செய்தால் அது மட்டும் சாகும். மற்ற வேலைகள் தொடரும். உள்ளே இருப்பவர்களுக்கு நடுவே அப்படிச் சுவர் கிடையாது. அங்கே ஒரு டிரைவர் மெமரியில் தப்பான இடத்தில் எழுதினால் பக்கத்து டிரைவரின் கணக்கு அழியலாம், டிஸ்க்கில் இருக்கும் தகவல் கெடலாம். அதைவிட மொத்தமாக நிறுத்திவிடுவதே மேல் என்று ஆபரேட்டிங் சிஸ்டம் முடிவு செய்கிறது. அதுதான் நீலத் திரை.

டிரைவர்கள் மீது குற்றப் பத்திரிகை புதிதல்ல. 2001-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லினக்ஸ் கெர்னலை அலசியபோது, மற்ற பகுதிகளைவிட டிரைவர்களில் தவறு விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி நின்றுபோன சம்பவங்களில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று 2003-ல் வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரை குறிப்பிட்டது. லினக்ஸ் கெர்னலில் இன்று ஏறக்குறைய 4 கோடி வரிகள். அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான்.

கல்யாண வீட்டுக் கணக்கு

ஏன் இப்படி? டிரைவர் எழுதுபவர் பெரும்பாலும் சாதனம் தயாரிக்கும் கம்பெனியின் எஞ்சினியர். சிப் சந்தைக்குப் போக நாள் குறித்தாகிவிட்டது. சிப்பைப் பற்றிய கையேடு அரைகுறை. எப்படியாவது ஓடினால் போதும் என்ற நிலை. அவருக்குத் தெரிந்தது சிப். தெரியாதது கெர்னலின் ஆசாரம். அந்த ஆசாரத்தில் தலையாயது மெமரிக் கணக்கு.

வெளியே ஓடும் புரோகிராம் முடிந்ததும் அது வாங்கிய மெமரி முழுவதையும் ஆபரேட்டிங் சிஸ்டம் பிடுங்கிக்கொள்ளும். கெர்னலுக்குள் பிடுங்க ஆள் இல்லை. சி மொழியில் எழுதப்பட்ட டிரைவர், வாங்கியதைத் தானே ஞாபகம் வைத்துத் திருப்ப வேண்டும். ஒரு நெட்வொர்க் டிரைவர் ஒரு குறிப்பிட்ட வகைச் செய்தி வரும்போதெல்லாம் 64 பைட் திருப்பிக் கொடுக்க மறக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 100 முறை நடந்தால் ஒரு நாளில் 55 கோடி பைட். 8 ஜிகாபைட் மெமரி உள்ள கம்ப்யூட்டர் 15 நாளில் மூச்சுத் திணறும். ஒரு நாள் மட்டும் சோதித்துப் பார்த்த எஞ்சினியரின் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. பாங்க் கவுன்ட்டரில் "சிஸ்டம் ஸ்லோ சார், ரீஸ்டார்ட் பண்றோம்" என்று சொல்லும்போது அந்த வைத்தியம் பல சமயம் பலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரீஸ்டார்ட் செய்தால் பழைய கணக்கு மொத்தமும் தள்ளுபடி.

திருப்பிக் கொடுக்க மறப்பதாவது மெதுவாகக் கொல்லும் விஷம். திருப்பிக் கொடுத்த பிறகும் அதே மெமரியைத் தொடுவது உடனடி ஆபத்து. காலி செய்துவிட்ட வாடகை வீட்டுக்குப் பழைய சாவியோடு போய்க் கதவைத் திறப்பது போல. உள்ளே வேறு குடும்பம் இருக்கும். ஒரே மெமரியை இரண்டு முறை திருப்பிக் கொடுப்பதும் அதே ரகம். கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைய நினைப்பவர்கள் தேடுவதும் இப்படிப்பட்ட பழைய சாவிகளைத்தான். தன் சாஃப்ட்வேர்களில் ஆண்டுதோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரித் தவறுகளால் வந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் ஒப்புக்கொண்டது.

ஒரு டிரைவர் வேலை தொடங்கும் விதத்தைக் கல்யாண ஏற்பாட்டோடு ஒப்பிடலாம். மண்டபம் பிடிக்க வேண்டும், பந்தலுக்குச் சொல்ல வேண்டும், பாத்திரக் கடையில் அண்டா வாடகைக்கு எடுக்க வேண்டும், சமையல்காரருக்கு அட்வான்ஸ் தர வேண்டும், மேளத்துக்கு ஆள் விட வேண்டும். டிரைவரும் இப்படித்தான் மெமரி கேட்கிறது, சாதனத்தின் முகவரிகளைத் தன் வசம் வாங்குகிறது, இன்டரப்ட் என்கிற அழைப்பு மணியைப் பதிவு செய்கிறது, கடைசியில் கெர்னலிடம் "நான் தயார்" என்கிறது. மேளக்காரர் வர முடியாது என்று சொல்லிக் கல்யாணமே நின்றுபோனால், சமையல்காரர், பாத்திரம், பந்தல், மண்டபம் என்று வந்த வழியே பின்னோக்கிப் போய் ஒவ்வொன்றையும் ரத்து செய்ய வேண்டும். பாத்திரக் கட்டத்திலேயே நின்றுபோனால் பந்தலையும் மண்டபத்தையும் மட்டும் ரத்து செய்ய வேண்டும். எடுக்காத அண்டாவைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அதுவும் தப்பு.

சி மொழி டிரைவர்களில் இதற்காகவே ஒவ்வொரு ஃபங்ஷனின் அடியிலும் ஒரு ஏணி இருக்கும். எந்தப் படியில் தவறு நேர்ந்ததோ அந்தப் படிக்குத் தாவி, அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே எல்லாவற்றையும் திருப்ப வேண்டும். ஆறு பொருள் வாங்கினால் ஆறு படி. ஓராண்டு கழித்து வேறொருவர் நடுவே ஏழாவது பொருளைச் சேர்க்கிறார். ஏணியில் படி சேர்க்க மறக்கிறார். அல்லது இடம் மாற்றிச் சேர்க்கிறார். புரோகிராம் ஓடுகிறது. யாருக்கும் தெரியவில்லை.

தெரியாமல் போவதற்கு விசித்திரமான காரணம் ஒன்று உண்டு. கெர்னல் மெமரி இல்லை என்று சொன்னால் என்ன செய்வது என்பதற்குத்தான் இத்தனை ஏணி. ஆனால் லினக்ஸ் கெர்னல் சின்ன அளவில் கேட்கும் மெமரியை ஏறக்குறைய ஒருபோதும் மறுப்பதில்லை. 4 கிலோபைட் பக்கங்கள் எட்டு, அதாவது 32 கிலோபைட் வரை கேட்டால் எப்படியாவது தேடிப் பிடித்துக் கொடுத்துவிடப் பார்க்கும். 2014 கடைசியில் இது விவாதத்துக்கு வந்தபோது கெர்னல் எழுதுபவர்களிலேயே பலருக்கு ஆச்சரியம். மறுப்புக்காக எழுதி வைத்த ஆயிரக்கணக்கான வரிகள் வாழ்நாளில் ஒரு முறைகூட ஓடியதில்லை என்றல்லவா ஆகிறது? ஓடாத வரியில் ஒளிந்திருக்கும் தப்பை யார் கண்டுபிடிப்பது?

காண்ட்ராக்டர் வருகிறார்

இந்த ஏணிகளைத் தூக்கிப் போட வழி சொன்னவர் டேஜுன் ஹியோ. ஹார்ட் டிஸ்க் டிரைவர்களைச் செம்மைப்படுத்தும் வேலையில் இருந்தபோது பிறந்த யோசனை. 2007-ல் வந்த லினக்ஸ் 2.6.21-ல் அது சேர்ந்தது. பெயர் டெவ்ரெஸ். அதற்கு எழுதிய குறிப்பில் ஹியோ கேலியாக ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறார். டிரைவர் எழுதுபவர்கள் சோம்பேறிகள் என்பார்கள். கோணல்மாணலான ஹார்ட்வேரோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு ஒரு வழியாக ஓடியது என்றால், அதற்குமேல் யார் எதை நோண்டுவார்கள் என்பது அவர் கேள்வி. தவறு மனிதரின் ஒழுக்கத்தில் இல்லை, அவர் மேல் சுமத்திய வேலையில் இருக்கிறது என்பது அதன் பொருள்.

டெவ்ரெஸ் செய்வது கல்யாண காண்ட்ராக்டரின் வேலை. மண்டபமோ அண்டாவோ, எதை எடுத்தாலும் அவர் மூலமாக எடுத்தால் போதும். அவர் சீட்டில் வரிசையாகக் குறித்துக்கொள்வார். கல்யாணம் முடிந்தாலும் சரி, நடுவில் நின்றாலும் சரி, சீட்டைக் கீழிருந்து மேலாகப் படித்து எல்லாவற்றையும் அவரே திருப்பிவிடுவார். கெர்னலில் ஒவ்வொரு சாதனத்தின் பெயரிலும் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது. அதன் மூலம் வாங்கிய மெமரி, முகவரி, இன்டரப்ட் எல்லாம், டிரைவர் தொடங்கத் தவறினாலோ சாதனத்தை விட்டு விலகினாலோ தாமாகத் திரும்பிவிடும். ஏணி மறைந்தது. பல டிரைவர்களில் விலகும்போது ஓட வேண்டிய ஃபங்ஷனே தேவையில்லாமல் போயிற்று. ஆயிரக்கணக்கான இடங்களில் இந்த வழி பரவியது.

கூடவே இன்னும் சில சில்லறைச் சீர்திருத்தங்கள். வாடகை அண்டாவைத் திறந்தால் முந்தின கல்யாணத்து சாம்பார் ஒட்டிக்கொண்டிருப்பது போல, புதிதாக வாங்கிய மெமரியில் பழைய தகவல் மிச்சம் இருக்கும். அது யாரோ ஒருவரின் பாஸ்வேர்டாகவும் இருக்கலாம். கழுவித் தருவதற்கென்று லினக்ஸில் 2005-லேயே தனி வழி வந்தது. மைக்ரோசாஃப்ட் 2020-ல் விண்டோஸ் 10-ன் 2004 பதிப்பில் டிரைவர்கள் மெமரி கேட்கும் பழைய வழியைக் கைவிடச் சொல்லிப் புதியதைக் கொடுத்தது. அதில் வேண்டாம் என்று சொன்னாலொழிய மெமரி கழுவித்தான் வரும். மறந்தால் ஆபத்து என்பது போய், மறந்தாலும் பாதுகாப்பு என்று ஆனது.

பெருக்கல் இன்னொரு கண்ணி. ஒவ்வொன்றும் 8 பைட் உள்ள பொருள் 53,68,70,913 வேண்டும் என்று ஒரு புரோகிராம் கேட்கிறது. 32 பிட் கணக்கில் பெருக்கினால் 429 கோடியைத் தாண்டியதும் மீட்டர் சுழன்று பூஜ்யத்துக்கு வந்துவிடும். விடை 8. ஐம்பத்து மூன்று கோடி நாற்காலி கேட்டவருக்கு ஒரே ஒரு நாற்காலி கிடைக்கும். மற்ற விருந்தாளிகள் அடுத்த வீட்டில் போய் உட்காருவார்கள். எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டு, பெருக்கல் சுழன்றால் "இல்லை" என்று சொல்லும் வழிக்கு கெர்னல் முழுவதையும் மாற்றும் வேலையைக் கீஸ் குக் 2018-ல் செய்தார்.

பந்தியில் உட்கார்ந்திருப்பவர்

எல்லாம் சுபம் என்று எண்ணியிருந்த வேளையில், 2022-ல் டப்ளினில் நடந்த லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் லோரான் பின்ஷார் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். டெவ்ரெஸ் வழியில் மெமரி வாங்குவது ஏன் தீங்கானது என்பதே அவர் உரையின் தலைப்பு.

அவர் காட்டிய ஓட்டை இது. யு.எஸ்.பி. கேமரா ஒன்றைச் சொருகி ஒருவர் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறார். யாரோ கால் தட்டி வயரைப் பிடுங்கிவிடுகிறார். சாதனம் போய்விட்டது என்றதும் காண்ட்ராக்டர் சீட்டை எடுத்து எல்லாவற்றையும் திருப்பிவிடுகிறார். ஆனால் வீடியோ புரோகிராம் இன்னும் கேமராவை மூடவில்லை. பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலியை உருவியாகிவிட்டது. அடுத்த கவளத்துக்குக் கை நீட்டும்போது கெர்னல் குப்புற விழும்.

கோளாறு காண்ட்ராக்டரிடமா? மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த ஃபாஸ்டெம் மாநாட்டில் பார்டோஷ் கோலஷெவ்ஸ்கி டெவ்ரெஸ்ஸுக்கு வக்காலத்து வாங்கினார். அவர் வாதம் நியாயமானது. காண்ட்ராக்டர் சொன்னதைச் சரியாகச் செய்தார். சாதனம் இருக்கும்வரை மட்டுமே தேவைப்படுவதை அவரிடம் விடலாம். கடைசி விருந்தாளி எழுந்திருக்கும்வரை தேவைப்படுவதை அவரிடம் விட்டது டிரைவர் எழுதியவரின் தப்பு. அதற்குத் தலை எண்ணும் முறை வேண்டும். யார் யார் உபயோகிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்து, கடைசி ஆள் போன பிறகு திருப்ப வேண்டும்.

பாதியைக் காண்ட்ராக்டரிடமும் பாதியைத் தன் கையிலும் வைத்துக்கொள்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. டிரைவர் தன் கையால் மெமரியை முதலில் திருப்பிவிடுகிறது. இன்டரப்ட் மணியோ காண்ட்ராக்டர் பொறுப்பில். அவர் வந்து கழற்றுவதற்குள் மணி ஒரு முறை அடித்தால், அதைக் கேட்டு ஓடி வரும் புரோகிராம் இல்லாத மெமரியில் கை வைக்கும்.

ஆக, எளிமை என்பது கணக்கு எழுதுவதில்தான் கிடைத்தது. "இது யாருக்குச் சொந்தம், எதுவரை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மனிதரிடமே தங்கிவிட்டது. பழைய ஏணி முறையில் அந்தக் கேள்வி ஒவ்வொரு படியிலும் முகத்தில் இடித்தது. புது முறையில் அது கண்ணில் படாமல் போய்விடுகிறது. வசதியின் விலை அது.

மொழியை மாற்றினால்?

2023 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் 6.5-ல் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா இன்னொரு உபாயத்தைச் சேர்த்தார். மெமரியை வாங்கும் வரியிலேயே "இந்த ஃபங்ஷனை விட்டு எந்த வழியாக வெளியே போனாலும் இதைத் திருப்பிவிடு" என்று குறித்துவிடலாம். மிச்சத்தைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். மெமரியை அடுத்தவருக்குக் கைமாற்ற வேண்டுமானால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பழைய ஏணியையும் இதையும் ஒரே ஃபங்ஷனில் கலக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் பின்னர் வந்தது.

இதைவிடப் பெரிய மாற்றம் ரஸ்ட் மொழி. 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1-ல் அது சோதனை முறையில் கெர்னலுக்குள் நுழைந்தது. ரஸ்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர் போனால் பொருளும் திரும்பும். திருப்பிய பொருளைத் தொடுவது போல ஒரு வரி எழுதினால், கம்பைலர் அந்த புரோகிராமைத் தயாரிக்கவே மறுக்கும். கேமரா வயரைப் பிடுங்கும் பிரச்சினைக்கும் ரஸ்டில் கெர்னல் ஒரு பதில் வைத்திருக்கிறது. சாதனம் போனதும் அதன் முகவரிகளுக்குப் பூட்டு விழும். அதன் பிறகு யார் கேட்டாலும் "இல்லை" என்ற பதில் வரும். அந்த "இல்லை"க்கு என்ன செய்வது என்று எழுதாமல் தப்பிக்க முடியாது.

இந்த மொழி மாற்றம் அமைதியாக நடக்கவில்லை. சாதனங்கள் நேரடியாகப் படித்து எழுதும் டி.எம்.ஏ. வகை மெமரியை ரஸ்ட் டிரைவர்கள் கேட்டு வாங்க ஒரு வழி அமைக்கும் யோசனை 2025 தொடக்கத்தில் வந்தபோது, அந்தப் பகுதியைப் பராமரித்த கிறிஸ்டோஃப் ஹெல்விக் கடுமையாக எதிர்த்தார். இரண்டு மொழிகள் கலந்த கெர்னலைப் புற்றுநோய் என்றே வர்ணித்தார். ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் லினக்ஸை ஓட வைத்த குழுவின் தலைவர் ஹெக்டர் மார்ட்டின் மனம் வெறுத்துப் பொறுப்பிலிருந்து விலகினார். கடைசியில் லினஸ் டோர்வால்ட்ஸ் தலையிட்டார். ரஸ்டை யார் மீதும் திணிக்கவில்லை. அதே சமயம் உங்கள் பகுதியை யார் உபயோகிக்கலாம் என்று தடுக்கவும் உங்களுக்கு உரிமை இல்லை என்பது அவர் தீர்ப்பு.

எதிர்த்தவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. இருபது வருஷமாக ஒரு வீட்டைப் பராமரிப்பவருக்கு, புதிதாகக் கட்டும் மாடி இடிந்தால் யார் பொறுப்பு என்ற கவலை இருக்கத்தான் செய்யும். அவர்களில் பலர் சம்பளத்துக்கு அப்பாலும் இரவு பகலாக உழைப்பவர்கள். ஒரு மொழி தெரிந்தவர்களே போதாத இடத்தில் இரண்டு மொழி தெரிந்தவர்களை எங்கே தேடுவது?

ஆனால் கணக்கு ரஸ்ட் பக்கம் சாய்கிறது. ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, மொத்தப் பாதுகாப்பு ஓட்டைகளில் மெமரித் தவறுகளின் பங்கு 2019-ல் 76 சதவீதமாக இருந்தது 2024-ல் 24 சதவீதமாகச் சரிந்தது என்கிறது கூகுள். இது டிரைவர்களுக்கு மட்டுமான கணக்கு இல்லை, ஆண்ட்ராய்டு முழுமைக்குமானது. பழைய சி மொழிப் பகுதிகளை அடியோடு மாற்றி எழுதி வந்த பலனும் இல்லை. புதிதாக எழுதுவதை மாற்றியதே போதுமானதாக இருந்தது. 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய கெர்னல் பராமரிப்பாளர்கள், ரஸ்ட் இனி சோதனை இல்லை என்று முடிவு செய்தார்கள்.

திருஷ்டிப் பொட்டு வைத்தது போல அதே மாதத்தில் கெர்னலின் ரஸ்ட் பகுதியில் முதல் பாதுகாப்பு ஓட்டை பதிவானது. ஆண்ட்ராய்டின் பைண்டர் என்ற டிரைவரில், பொருள்களைக் கோத்து வைக்கும் ஒரு பட்டியலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டதால் வந்த வினை. "இங்கே நான் பொறுப்பு, நீ சரிபார்க்க வேண்டாம்" என்று கம்பைலரிடம் சொல்லிவிட்டு எழுதும் பகுதிகள் ரஸ்டிலும் உண்டு. தவறு அத்தகைய ஒரு பகுதியில்தான் இருந்தது. அதே நாளில் சி மொழிப் பகுதிகளுக்காக நூற்றுக்கும் அதிகமான ஓட்டைகள் பதிவாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரஸ்ட் இருந்திருந்தால் ஜூலை 19 நடந்திருக்காதா? பட்டியலைத் தாண்டி 21-வது விவரத்தைப் படிப்பதை அது தடுத்திருக்கும். தடுத்த பிறகு என்ன செய்வது என்று எழுதியவர் யோசித்திருந்தால் விமானங்கள் பறந்திருக்கும். யோசிக்காமல் "அப்படியெல்லாம் நடக்காது" என்று விட்டிருந்தால், பாதுகாப்பான மொழியிலும் வேலை நின்றுதான் போயிருக்கும். கெர்னலுக்குள் இன்னொரு முடிவையும் மொழி எடுத்துவிட முடியாது. சமையல் நேரத்தில் அண்டா வரும்வரை காத்திருக்கலாம்; தாலி கட்டும் நேரத்தில் காத்திருக்க முடியாது. அதுபோல மெமரி கிடைக்கும்வரை தூங்கலாமா, அல்லது உடனே கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டிய நேரமா என்று ரஸ்டிலும் எழுதுபவரே ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.

நமக்கு என்ன?

இது எங்கோ நடக்கும் விவகாரம் என்று இருந்துவிட முடியாது. இந்தியர்களின் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றிலும் ஓடுவது லினக்ஸ் கெர்னல். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும், கேரளப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களும் அதே கெர்னலை நம்பியவை. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் பெங்களூரில் கடை விரித்ததிலிருந்து, உலகின் பல சிப்களுக்கு டிரைவர் எழுதும் கைகளில் இந்தியக் கைகளும் உண்டு.

இப்போது சொந்தமாகவும் சிப் செய்கிறோம். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி, சி-டாக்கின் வேகா என்று பெயர்களும் கம்பீரமாக இருக்கின்றன. ஒவ்வொரு சிப்போடும் கேமரா, நெட்வொர்க், மின்சார மீட்டர் என்று பல சாதனங்கள் பேச வேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு டிரைவர். பழைய கம்பெனிகளுக்கு இருக்கும் முப்பது வருஷத்து மூட்டை நமக்கு இல்லை. புதிதாக எழுதும் டிரைவரைப் பழைய ஏணியோடு எழுதுவதா, கணக்கை மெஷினிடம் விட்டு எழுதுவதா என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. எஞ்சினியரிங் கல்லூரிப் பாடத்தில் மெமரி வாங்குவதை ஒரு வரியில் சொல்லிக்கொடுத்துவிட்டு, திருப்பிக் கொடுப்பதை மாணவரின் மனசாட்சிக்கு விட்டுவிடும் பழக்கம் மட்டும் மாற வேண்டும்.

வாங்கியதைத் திருப்புவதை இனி மெஷின் பார்த்துக்கொள்ளும். கடைசி விருந்தாளி எழுந்துவிட்டாரா என்று பந்தியை ஒரு முறை எட்டிப் பார்க்க மட்டும், வீட்டுக்காரர்தான் போக வேண்டும்.